கூரையின் தடிமன் பூஜ்யம்

ஒரு காட்டில் நொச்சி என்றொரு சருகுமான் வாழ்ந்து வந்தாள். அது எந்தக் காடு என்று கேட்பவர்கள் வரைபடம் பார்க்கப் போகலாம். கதை கேட்க வேண்டியதில்லை. சருகுமான் என்பது முயலைவிடச் சற்றே பெரிய மான். அதற்குக் கொம்பு கிடையாது, வீண்பேச்சும் கிடையாது. உதிர்ந்த இலையின் நிறத்தில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, தான் இருப்பதே பிறருக்குத் தெரியாதபடி காலம் தள்ளும் இனம் அது. நொச்சி மட்டும் அதில் விதிவிலக்கு. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தால் அவள் பட்டதும், அதை விட்டதால் அவள் அடைந்ததுமே இந்தக் கதை.

அந்தக் காட்டில் பொருள்களின் தடிமனை அளப்பதற்கு நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளுக்கு எது பொருந்துமோ அதைக் கொண்டு அளப்பார்கள். இலையையும் முட்டை ஓட்டையும் மயிரிழையால் அளப்பார்கள். மரப்பட்டையையும் தோலையும் நூலால் அளப்பார்கள். தச்சர்கள் பலகைக்குச் சொல்வார்களே, அதே நூல்தான், எட்டு சேர்ந்தால் ஓர் அங்குலம். தேனடைக்கு விரற்கடை. விரல் இல்லாதவர்கள் குரங்கிடம் இரவல் கேட்பார்கள். அடிமரத்துக்குச் சாண், பாறைக்கு முழம். கிலோமீட்டரை நடக்கும் வழிக்கு மட்டும் வைத்திருந்தார்கள், ஏனென்றால் வழிதான் அவ்வளவு தூரம் போகும். வாழைமட்டை எவ்வளவு தடிமன் என்று கேட்டால், பால்குடி மறவாத குட்டிகூட விரற்கடையில் பதில் சொல்லும். இதை யாரும் அறிவு என்று எண்ணவில்லை. மூச்சு விடுவதைப் போல இயல்பு என்றே எண்ணினார்கள். ஆகையால், அதைப் பறிகொடுத்தபோது ஒருவரும் கூச்சலிடவில்லை.

பறிபோனது இப்படித்தான். காட்டோரத்தில் சாலை போட வந்தவர்கள், போகும்போது ஒரு கருவியை மறந்துவிட்டுப் போனார்கள். நீண்ட கைப்பிடி, அதன் அடியில் ஒற்றைச் சக்கரம், கைப்பிடியின் கழுத்தில் ஒரு சிறு கண்ணாடிப் பெட்டி. சக்கரத்தை உருட்டிக்கொண்டே நடந்தால், ஒரு முழுக் கிலோமீட்டர் நிறைந்ததும் பெட்டிக்குள் இருக்கும் எண் ஒன்று கூடும். அதுவரை அங்கே பூஜ்யம் நிற்கும். சாலையை அளப்பதற்கு நல்ல கருவி. சாலையைத் தவிர வேறு எதற்கும் உதவாத கருவி.

அதை முதலில் கண்டெடுத்தது கிளைமணி என்ற கருமந்திக் குரங்கு. அது பளபளத்தது, கிளைமணிக்கு அது போதும். அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்த தோரணையைப் பார்த்த மாத்திரத்திலேயே பாதிக் காடு அவரை அதிகாரி என்று நம்பிவிட்டது. மீதிப் பாதியை நம்பவைத்தவர் பெருங்கையார் என்ற யானை. காட்டுச் சபையின் தலைவர் அவர். "நூலாம், சாணாம், விரற்கடையாம்! ஒரு பொருளுக்கு ஒரு அலகுன்னா காடு எப்படி உருப்படும்? காட்டுக்கு ஒரு சக்கரம் போதும்" என்று அவர் சபையில் முழங்கினார். சபை அதைக் கேட்டுக் கை தட்டியது. கை இல்லாதவை வாலால் தரையைத் தட்டின.

இந்தக் காட்டில் அரசர் சிங்கம் அல்லர். நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் கதைகளில் மட்டுமே மேய்கிறது. அரசர் ஒரு புலி. அவர் பெரும்பாலும் உறங்குவார். அன்றும் உறக்கத்தில் தலையை அசைத்தார். அது இசைவா, ஈயை விரட்டியதா என்று விசாரிக்கும் துணிவு யாருக்கும் இல்லாததால், அது சட்டமாயிற்று.

அன்று முதல் கிளைமணி கண்ணில் பட்டதையெல்லாம் அளந்தார். தேக்கிலையின் ஓரத்தில் சக்கரத்தை ஏற்றி இறக்கினார்: பூஜ்யம். ஆமை ஓடு: பூஜ்யம். கோரைப்பாய், பலாப்பழத் தோல், கல்: பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். காட்டில் உள்ள சகல பொருள்களும் ஒரே தடிமன் உடையவை என்பது அறிவியல் முறைப்படி நிறுவப்பட்டுவிட்டதாக அவர் அறிவித்தார். சிலருக்குச் சந்தேகம் எழுந்தது. ஆனால் சந்தேகத்தை எந்த அலகில் சொல்வது என்று தெரியாமல் அவர்கள் விழுங்கிக்கொண்டார்கள்.

முதலில் விழித்துக்கொண்டது கிழங்குக்குத் தேனடை மாற்றித் தரும் கரடிதான். இரண்டு விரற்கடைக்கு அறுத்துக் கொடுத்த அடையை அது ஒரு விரற்கடைக்கு அறுத்தது. பிறகு மரப்பட்டை அளவுக்கு. பிறகு அதற்கும் கீழே. கேட்டவர்களிடம், "நேத்து அடையோட தடிமன் என்ன? பூஜ்யம். இன்னைக்கு என்ன? பூஜ்யம். குறைச்சிருந்தா காட்டு பார்ப்போம்" என்றது.

இப்படியே புரட்டாசி கடைசி வாரத்துக்கு வந்தது.

சென்ற ஆண்டு ஐப்பசி மழை அந்தக் காட்டில் அடாத மழையாகப் பெய்தது. மெல்லிய தோல் உடையவர்களில் பலர் நனைந்து நடுங்கிச் செத்தார்கள். நொச்சியின் தலைப்பிள்ளையும் அதில் போனது. இந்த ஆண்டு அவள் மீண்டும் நிறைமாதம். காட்டின் நடுவே, மேட்டில், ஒரே ஒரு குகை உண்டு. தரை உலர்ந்தது, வாசல் காற்று வீசாத பக்கம், கூரையோ ஒரே பாறை. மேலே மூன்று ஆலமரங்கள் நின்றும் அது முனகியதில்லை. ஐப்பசி பிறக்குமுன் அரசர் ஒருநாள் உண்மையாகவே விழித்திருந்தபோது ஆணை ஒன்று பிறந்தது: 'எவருடைய தோல் எல்லாரினும் மெல்லியதோ, அவருக்கே இந்த ஆண்டு குகை.'

நல்ல ஆணை. கேட்டதும் நொச்சி நிம்மதியாக மூச்சு விட்டாள். தன் தோலின் தடிமன் அவளுக்குத் தெரியும். அரை நூல்கூடத் தேறாது. அந்த நிம்மதியில் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். அளக்கப் போவது யார் என்பதை.

மறுநாள், கிளைமணி தன் அளவுத்துறையை நடத்திய அத்திமரத்தடியில் வரிசை தொடங்கியது. நொச்சிக்குத் துணையாக ஊசியம்மாள் வந்திருந்தாள். ஊசியம்மாள் ஒரு முள்ளம்பன்றி. பக்கத்து வளையில் குடியிருப்பவள். அவளுடைய முதுகைவிட நாக்கு கூர்மையானது.

"ஏண்டி நொச்சி, விடிஞ்சதுலேருந்து நிக்கிறோமே, வரிசை நகருதா, இல்ல வேர் விட்டுருச்சா?"

"நகருது அக்கா. நீங்க முன்னால நிக்கிறவரை லேசா இடிச்சீங்கன்னா இன்னும் நகரும்."

"இடிச்சேனே. அதான் முயலு வரிசைய விட்டே ஓடிப்போச்சு."

"நீங்க எதுக்கு அக்கா வீணா கால் கடுக்க நிக்கிறீங்க? உங்களுக்குத்தான் வளை இருக்கே."

"நிறைமாசக்காரிய தனியா நிக்க விட்டுட்டு நான் வளைக்குள்ள படுத்துக் கெடந்தா, நாலு பேரு என்னைப் பத்தி என்ன பேசுவாங்க? பேசாம நில்லு. கால் மாத்தி நில்லு."

நொச்சியின் முறை வந்தது. கிளைமணி அவளுடைய காது மடலைப் பிடித்து இழுத்து, அதன் ஓரத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கினார். பெட்டியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"பூஜ்யம்" என்றார்.

"மெலிசுன்னு எழுதிக்கிட்டீங்களா?" என்று ஊசியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"பூஜ்யம் என்று எழுதிக்கொண்டேன். மெலிசு என்பது அளவன்று, அபிப்பிராயம்."

அப்போது வரிசை இரண்டாகப் பிளந்தது. பெருங்கையார் வந்துகொண்டிருந்தார். யானை வந்து நின்ற பிறகு அதன் பின்னால் வரிசை அமைவதே வழக்கம். அவர் கழுத்தில் ஒரு பலகை தொங்கியது. சென்ற பங்குனித் திருவிழாவில் சபை அவருக்கு அளித்த விருது அது: 'மயிரிழையால் அளந்து மாளாத தோலர்.' அன்று அவருடைய தோலை மயிரிழை கணக்கில் அளந்து, எண்ணிக்கொண்டே போய், எண்ணியவர்கள் மயங்கி விழுந்ததால் அந்தப் பட்டம்.

"நம்ம தோலையும் கொஞ்சம் பாருப்பா" என்று அவர் பின்தொடையின் மடிப்பைக் காட்டி நின்றார்.

கிளைமணி சக்கரத்தை ஏற்றி இறக்கினார். வியர்வை துடைத்தார். பெட்டியைப் பார்த்தார்.

"பூஜ்யம், ஐயா."

வரிசையில் ஒரு முனகல் ஓடியது. நொச்சி ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா," என்றாள் அவள், "உங்களுக்கு மழை வெளியில பெய்யுதுன்னே தெரியாதே. உங்களுக்கு எதுக்குக் குகை?"

"தூக்கம் வரலைம்மா" என்றார் பெருங்கையார். "காதுல மழை கொட்டுது. காது பெருசு பாரு." அது முழு உண்மையன்று. அந்தக் குகை வேறு யாருக்கோ கிடைக்கப் போகிறது என்ற நினைப்புத்தான் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

"சரி, ரெண்டு பேரும் சமம்னே வெச்சுக்குவோம்" என்று ஊசியம்மாள் குறுக்கிட்டாள். "அப்போ யாருக்கு?"

கிளைமணி தாடையைச் சொறிந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இரவெல்லாம் பெருங்கையாரோடு உட்கார்ந்து கரும்பு தின்றிருந்தார். "இருவர் தோலும் தடிமன் அற்றவை. இதில் ஐயமில்லை. ஆனால் தடிமன் அற்ற தோல் எவரிடம் அதிகமாக இருக்கிறது? நொச்சியிடம் ஒரு கைக்குட்டை அளவு. ஐயாவிடம் ஒரு பந்தல் அளவு. ஆகவே மெல்லிய தோல் மிகுதியாக உடையவர் ஐயாதான். குகை அவருக்கு."

அந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஓட்டையின் அளவைச் சொல்லத்தான் அலகு இல்லை.

நொச்சிக்குத்தான் வாய் நிற்காதே. "தோலை நூல் கணக்குல அளக்கணும் ஐயா. எங்கம்மா காலத்துலேருந்து அப்படித்தான். நூல்ல அளங்க. என்னுது அரை நூல் வராது. அவருது அங்குலத்தைத் தொடும். இதோ கழுத்துலயே பலகை தொங்குதே, மயிரிழையில அளந்து மாளலைன்னு!"

"அது விருது அலகு" என்றார் கிளைமணி. "இது வீட்டு அலகு. இரண்டையும் கலக்கக் கூடாது."

"ஒரே தோல்தானே?"

"தோல் ஒன்று. நோக்கம் வேறு."

"பெட்டி சொல்லுதும்மா, நானா சொல்றேன்?" என்றார் பெருங்கையார், மிகுந்த பரிவோடு. "சக்கரம் உனக்கும் ஒண்ணுதான், எனக்கும் ஒண்ணுதான். இதைவிட என்ன நியாயம் வேணும்?"

நொச்சி அரசரிடம் போனாள். சருகுமான் புலியிடம் முறையிடப் போவது எளிய செயலன்று. அவள் காற்று வீசும் திசை பார்த்து, ஓடுவதற்கு வழி பார்த்து, தொலைவில் நின்று பேசினாள். அரசர் அப்போதுதான் ஒரு காட்டுப்பன்றியை முடித்திருந்தார். வயிறு நிறைந்திருந்தபடியால் நியாயம் பேசினார்.

"நீ சொல்றது சரிதான்" என்றார்.

நொச்சி காத்திருந்தாள்.

"சரிங்கிறதுக்காக உனக்கு ஒண்ணு செஞ்சேன்னா," என்று அரசர் கொட்டாவி விட்டார், "நாளைக்கு ஆளாளுக்குச் சரியானதைத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நிப்பாங்க. அப்புறம் நான் எப்பத் தூங்குறது? போயிட்டு வா. பார்த்துப் போ, எனக்குச் சாயங்காலம் மறுபடி பசிக்கும்."

அவள் பார்த்துத்தான் போனாள்.

ஐப்பசி பிறந்தது. முதல் மழை தூறலாக வந்து, புதரின் இலைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அடுத்த முறை தட்டாமல் நுழையும் என்பது நொச்சிக்குத் தெரியும். அவளுடைய புதருக்குள் சென்ற ஆண்டுப் பள்ளம் அப்படியே இருந்தது. அதில் தண்ணீர் கட்டத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் திரும்பிப் படுத்தாள்.

ஊசியம்மாள் தன் வளையிலிருந்த கிழங்கைக் கொடுத்து, கரடியிடமிருந்து ஒரு துண்டு தேனடை வாங்கி வந்தாள். "இந்தா, தின்னு. ரெண்டு உசிருக்குத் தின்னணும். ஒரு கூடைக் கிழங்குக்கு இதைக் குடுத்தான் பாவி. எச்சில் பட்டாலே கரைஞ்சிரும் போல."

நொச்சி அதை வாயில் வைக்குமுன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மறுபக்கம் தெரிந்தது. அடையின் ஊடே மழைமேகம் தெரிந்தது, மேட்டில் குகை தெரிந்தது, குகைக்குள் அடங்காத பெருங்கையாரின் பின்பக்கம் தெரிந்தது. அவர் நுழைய முடிந்த அளவுக்கு நுழைந்திருந்தார். மீதி வெளியே நனைந்துகொண்டிருந்தது.

"அக்கா, கரடி இளைச்சிருக்கா, கொழுத்திருக்கா?"

"கொழுத்துப்போய் மரமேற முடியாமத் திணறுது. ஏன் கேக்குற?"

"சக்கரம் தப்புன்னு அது என்னைக்காவது சொன்னதுண்டா?"

"அது ஏன் சொல்லப் போகுது? அதுக்குத்தான் சக்கரத்தால சோறு!"

நொச்சி அடையை வாயில் போட்டுக்கொண்டாள். மெல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. இத்தனை நாளும் சக்கரம் தவறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள் ஒருத்திதான். காட்டில் நனைந்துகொண்டிருந்தவளும் அவள்தான். சக்கரத்தை முழுமனத்தோடு நம்பியவர்கள் எல்லாரும் கொழுத்திருந்தார்கள். அவளுக்குச் சட்டென்று தன் தவறு புலப்பட்டது. அவள் சக்கரத்தை நம்பாதது தவறன்று, அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தவறு. அவளும் சக்கரத்தை நம்பத் தொடங்கினால், மற்றவர்கள் நம்புவதைவிடச் சற்று அதிகமாக நம்பினால்?

மறுநாள் காலை அவள் அத்திமரத்தடிக்குப் போனாள். கிளைமணி அவளைப் பார்த்ததும் சக்கரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நூல் பற்றிப் பேசுவதானால் நேரமில்லை."

"சேச்சே, நூலாவது ஒண்ணாவது. நான் உங்களைப் பாராட்டிட்டுப் போகலாம்னு வந்தேன் ஐயா."

கிளைமணியின் காதுகள் நிமிர்ந்தன. பதவிக்கு வந்த நாளாக அவரை யாரும் பாராட்டியதில்லை, பயந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன். காட்டுல தோல், இலை, கல்லு எல்லாத்தையும் ஒரே சக்கரத்தால அளந்துட்டீங்க. இது சாதாரணக் காரியமா? ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதை விட்டுட்டீங்கன்னு நாளைக்கு யாராவது குறை சொல்லக் கூடாதேன்னு எனக்குப் பதைப்பா இருக்கு."

"எது?"

"குகையோட கூரை. குடியிருக்கக் குடுக்கிற இடம்னா, கூரையோட தடிமனைச் சொல்லிக் குடுக்கணும்னு அரசரோட பழைய சட்டம் ஒண்ணு இருக்கே. பாறைதானேன்னு எல்லாரும் மறந்துட்டாங்க. நீங்க மறக்கலாமா?"

கிளைமணி உடனே தோளில் சக்கரத்தைச் சாய்த்துக்கொண்டு எழுந்தார். அளக்கப்படாத ஒரு பொருள் காட்டில் இருக்கிறது என்ற செய்தி அவரைக் கடித்தது.

செய்தி கேட்டுப் பாதிக் காடு பின்தொடர்ந்தது. மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் வலுத்திருந்தது. பெருங்கையார் தலையை உள்ளேயும் மற்றதை வெளியேயும் வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, கூரையை அளக்க வேண்டும்" என்று கிளைமணி அவருடைய வால் பக்கமாக நின்று அறிவித்தார்.

"அள, அள" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "நல்லா அள. முழங்கணக்குல இருக்கும், பாறை."

கிளைமணி வாசலின் பக்கச் சுவரைப் பிடித்து ஏறினார். பாறையின் வெட்டுமுகத்தில், கூரையின் அடி விளிம்பிலிருந்து மேல் விளிம்பு வரை, சக்கரத்தை உருட்டினார். ஆலமர வேர்களைத் தாண்டி மேலே போய் நின்றார். பெட்டியைத் துடைத்தார். பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"பூஜ்யம்" என்றார்.

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள்.

"கூரைக்குத் தடிமன் இல்லை" என்று கிளைமணி நிதானமாகச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உறுதிப்பட்டது. "தடிமன் இல்லாத கூரை, கூரையன்று. ஐயா இத்தனை நாளும் திறந்த வானத்தின் கீழ் இருந்திருக்கிறார்."

பெருங்கையார் தலையை வெளியே இழுத்தார். அதற்குச் சற்று நேரம் பிடித்தது.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? தலைக்கு மேல பாறை இருக்கு! மூணு ஆலமரம் நிக்குது! கண்ணு தெரியல?"

"ஐயா," என்றாள் நொச்சி, மிகுந்த பரிவோடு, "பெட்டி சொல்லுது. அவரா சொல்றாரு?"

பெருங்கையார் தும்பிக்கையால் கூரையைத் தட்டிப் பார்த்தார். அது பாறை போலவே ஒலித்தது. அவர் முட்டாள் அல்லர். சபைத் தலைவராக முட்டாள்கள் வருவதுண்டு, நெடுநாள் நிலைப்பதில்லை. பெட்டி பொய் சொல்கிறது என்று சொன்னால், தன் தோலைப் பற்றியும் அது பொய்தான் சொல்லியிருக்கும், குகை போய்விடும். பெட்டி மெய் சொல்கிறது என்று சொன்னால், கூரையே இல்லை. குகையில் இருப்பதற்கும் ஆற்றில் நிற்பதற்கும் வேறுபாடில்லை. அவர் நொச்சியைப் பார்த்தார். நொச்சி தன் காலடியில் இருந்த ஒரு புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நூல் கணக்குல வேணா ஒரு தடவை..." என்று அவர் மெதுவாகத் தொடங்கினார்.

"ஐயோ, வேண்டாங்க ஐயா!" என்று நொச்சி பதறினாள். "காட்டுக்கு ஒரு சக்கரம் போதும்னு நீங்கதானே சொன்னீங்க. கை தட்டினவங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க."

எல்லாரும் நின்றார்கள். அவர்களில் ஊசியம்மாள் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகு சிலிர்த்தாள். பக்கத்தில் நின்ற இருவர் அலறிக்கொண்டு விலகினார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கூரையின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு நீர் பெருங்கையாரின் நெற்றியில் விழுந்தது. மழைநாளில் பாறை விளிம்பில் நீர் சொட்டுவது இயற்கை. ஆனால் கூட்டம் "ஆஹா" என்றது. யானைக்கு எதையும் தாங்கும் தோல் உண்டு; "ஆஹா" என்ற ஓசையைத் தாங்கும் தோல் மட்டும் கிடையாது. பெருங்கையார் காதுகளை விசிறிக்கொண்டு, தனக்கு இருப்பதாகச் சொல்லப்பட்ட கௌரவம் முழுவதையும் திரட்டிக்கொண்டு, மழைக்குள் நடந்து போனார்.

கிளைமணி தீர்ப்பு எழுதினார்: இது குகையன்று, வெட்டவெளி. வெட்டவெளியை யாருக்கும் ஒதுக்க வேண்டியதில்லை. அதற்கு வரிசையும் வேண்டியதில்லை. யாரும் எப்போதும் அங்கே படுத்துக்கொள்ளலாம், நனைவது அவரவர் பொறுப்பு. எழுதி முடித்த கையோடு, தான் நனையாமல் இருக்கக் குகைக்குள் ஒதுங்க நினைத்தார், தன் தீர்ப்பு நினைவுக்கு வந்தது, ஆலமரத்தடிக்கு ஓடினார். கூட்டமும் மழைக்குப் பயந்து, கூரை இல்லாத அந்த இடத்தை விட்டு, கூரை இருப்பதாக நம்பிய மரங்களை நோக்கி ஓடியது.

ஊசியம்மாள் மட்டும் நின்றாள். "அடியே, வெட்டவெளியில போயா படுக்கப் போற?"

"ஆமாக்கா" என்று சொல்லிவிட்டு நொச்சி உள்ளே போனாள்.

அந்த ஐப்பசி முழுவதும் அடாத மழை பெய்தது. வெட்டவெளியின் நடுவே, உலர்ந்த தரையில், நொச்சி ஒரு பெண் குட்டியை ஈன்றாள். குட்டியின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. மழை விட்டதும் குட்டி வெளியே வந்து, தண்ணீர் என்ற ஒன்றை முதன்முதலில் பார்த்து வியந்தது.

கதை இங்கே முடிந்தால் நல்லவர்கள் மகிழ்வார்கள். அவர்களுக்காக இந்தக் கதை சொல்லப்படவில்லை.

அடுத்த புரட்டாசியில் ஊசியம்மாள் மேடேறி வந்தாள். இளைத்திருந்தாள். பெருங்கையார் மழையில் கிடந்து தூக்கம் கெட்ட கோபத்தில், காட்டு வளைகளின் மேலெல்லாம் தொம்தொம்மென்று நடந்து தீர்த்திருந்தார். அவளுடைய வளையின் மேல்மண் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. மண்ணின் தடிமன் குறைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அளவுத்துறையைக் கேட்டிருந்தாள். அவர்கள் பூஜ்யம் என்று சொல்லிவிட்டார்கள். நேற்றும் பூஜ்யம், இன்றும் பூஜ்யம், ஆகவே ஒன்றும் குறையவில்லை. கரடியின் தேனடையோ இப்போது மணமாக மட்டுமே கிடைத்தது. வளையில் அவள் குட்டிகளுக்கு இருமல்.

"நொச்சி, நாளைக்குச் சபையில கேக்கப் போறோம்டி" என்றாள். "சக்கரத்தைத் தூக்கிப் போட்டுட்டு, பழையபடி மண்ணுக்குச் சாண், அடைக்கு விரற்கடை, தோலுக்கு நூல்னு கொண்டு வாங்கன்னு. அணிலு, ஆமை எல்லாரும் வர்றோம். உனக்குத்தான் விவரமாப் பேசத் தெரியும். நீ முன்னால நின்னு சொல்லு. மழைக்கு முன்னால சொல்லிடணும்."

நொச்சி அசை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், உலர்ந்த தரையில், குட்டி நன்றாக உறங்கியது. அசை போடுவதை நிறுத்தாமலே அவள் யோசித்தாள். தோல் நூலுக்கு வந்தால் அடை விரற்கடைக்கு வரும். அடை விரற்கடைக்கு வந்தால் பாறை முழத்துக்கு வரும். பாறை முழத்துக்கு வந்தால் கூரை, கூரையாகிவிடும். கூரை கூரையானால் இது குகை. குகை என்றால் வரிசை.

"அளவு விஷயத்துல அவசரப்படக் கூடாதுக்கா" என்றாள். "அலகை மாத்துனா இதுவரைக்கும் அளந்தது எல்லாம் தப்புன்னு ஆயிடும். காட்டுக்கு அது நல்லதா?"

ஊசியம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கி, மூன்று ஆலமரங்களைத் தாங்கிக்கொண்டு வறண்டு கிடந்த பாறையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தாள்.

"நல்ல தடிமனான கூரைடி உனக்கு" என்றாள்.

"எந்தக் கூரை அக்கா?" என்றாள் நொச்சி.

நீதி: ஒரு பொருளின் தடிமனை அறிய விரும்புகிறவர் அதற்குப் பொருத்தமான அலகைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் அடியில் குடியிருக்கிறவர் அந்தத் தவறைச் செய்யக் கூடாது.